லேபிள் ரூம்காரி வாங்கின லேப்டாப்

திருப்பூர்
19.11.2008, புதன்கிழமை

அன்பு மகள் அனுசுயாவுக்கு அம்மா முத்துப்பேச்சி எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், நீ புனேயில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று நம் ஊர்க் காளியை நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது இது என்ன புதுப்பழக்கம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் சரிம்மா சரிம்மா அப்பாகிட்ட குடு என்கிறாய், அப்பாவோ சாப்பிட்டியா தாயி, குளுருதா தாயி என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார். காகிதத்தை நடுவில் வைக்க முடியாதல்லவா, கிழித்துப் போட்டால்தான் உண்டு. கிழிப்பதானாலும் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

முதலில் வீட்டுச் சேதி. அப்பாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது, துணியை அழுத்தி எடுக்கிற கம்பாக்டிங் மெஷின் பக்கத்தில் நாளெல்லாம் நின்றால் வலிக்காமல் என்ன செய்யும், தைலம் தேய்க்கச் சொன்னால் அந்த வாசனைக்குத் தலைவலி வருகிறது என்கிறார், அவருக்கு எது சொன்னாலும் ஒரு பதில் இருக்கும். கரண்ட் எப்போது போகிறது எப்போது வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை, கம்பெனியில் ஜெனரேட்டர் ஓடுகிறது, வீட்டில் விசிறிமட்டைதான். அமெரிக்காவில் கடைகளை மூடுகிறார்களாம், அதனால் இங்கே ஓவர்டைம் கிடையாது, வேன் பொழுதோடு கொண்டுவந்து விட்டுவிடுகிறது, பொழுதோடு வீட்டுக்கு வந்து என்ன செய்வது என்று தெரியாமல் எல்லோரும் வாசலில் நிற்கிறோம். பக்கத்து வீட்டு நதியாவின் அக்காவுக்குச் சோமனூரில் தறிக்காரர் வீட்டில் நிச்சயம் ஆகிவிட்டது, மாப்பிள்ளை நல்ல பையன், பேசத்தான் மாட்டேன் என்கிறான், தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவன் எப்படிப் பேசுவான் என்று நதியா கிண்டல் செய்கிறாள். நீ விட்டுப்போன பச்சைச் சுடிதாரை நிச்சயத்துக்குப் போட்டுக்கொள்ளக் கேட்டாள், நான் கொடுக்கவில்லை. கொடுத்திருக்கலாம். இப்போதெல்லாம் நான் செய்கிற எதைப் பார்த்தாலும் எனக்கே பிடிக்கவில்லை.

சுற்றிச் சுற்றி வருகிறேன் என்று உனக்குத் தெரிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது இன்னும் என் காதில் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. காலேஜ் ப்ராஜக்டுக்காகப் போயிருக்கிற அந்தக் கம்பெனியில் நீ செய்த வேலையைப் பெரிய சுவரில் போட்டு எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருக்கும்போது, இந்த விண்டோஸ் ஒரிஜினல் இல்லை, போலிச் சரக்கால் நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கலாம் என்று ஒரு கட்டம் வந்து நின்றதாம். நீ மூட மூட மறுபடியும் வந்ததாம். உங்கள் மேனேஜர், வருகிற திங்கட்கிழமை சுத்தமான மெஷினோடு வா, இது எப்படி உள்ளே வந்தது என்று எழுதிக் கொடு, அதைப் பார்த்த பிறகுதான் நீ இங்கே ப்ராஜக்டைத் தொடரலாமா என்று சொல்லுவோம் என்றாராம். யார் போட்டது என்று கேட்டதற்கு நீ, நான்தான் சார் போட்டேன் என்றாயாம். இதைச் சொல்லும்போது உன் குரலில் கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு அன்றைக்கே ஆறிப்போயிருப்பேன். நீ என்ன சொன்னாய், கடைக்காரன் உன்ன ஏமாத்திட்டான், உனக்கு இதெல்லாம் என்னம்மா தெரியும், மனசுல வச்சுக்காத என்றாய். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னை யாரும் ஏமாற்றவில்லை அனு. அது திருட்டு விண்டோஸ் என்று வாங்கின அன்றைக்கே எனக்குத் தெரியும்.

எழுதிவிட்டேன். இனி எப்படி நடந்தது என்று சொல்கிறேன். நான் கம்பெனியில் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்குத் தெரியாததல்ல, ஆனால் இன்றைக்கு அதையும் சேர்த்துப் படித்தால்தான் உன் அம்மாவின் லட்சணம் புரியும். வெளிநாட்டிலிருந்து பனியனுக்கு ஆர்டர் கொடுக்கிற பையர் அனுப்புகிற கழுத்து லேபிள் எல்லாம் என் ரூமில்தான் பூட்டியிருக்கும், சாவி என் இடுப்பில் இருக்கும். எண்ணித்தான் தைக்கக் கொடுப்பேன், ஷிப்மென்ட் போனதும் மிச்சத்தை எண்ணி வாங்கி, காம்பவுண்டுக்குப் பின்னால் டிரம்மில் போட்டு, பையர் அனுப்புகிற ஆள் முன்னாலேயே கொளுத்துவேன். ஏனென்றால் அந்த ஒரு துண்டு இருந்தால்தான் அது வெளிநாட்டுக் கடையில் தொங்குகிற சட்டை, இல்லையென்றால் காதர்பேட்டையில் குவித்துப் போட்டுக் கூவி விற்கிற சட்டை. துணி ஒன்று, தையல் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவிப் பார்த்தே எது நிஜம் எது போலி என்று நான் சொல்லுவேன், வெளிநாட்டிலிருந்து வந்த ஆள் ஒருதடவை கலந்து கொடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். நீ அதைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் உனக்குக் கட் லேபிள் என்று பேர் வைத்தார்கள். கம்பெனியில் ரிஜெக்ட் என்று கழித்துப் போட்ட பனியனை லேபிளில் குறுக்கே கத்தரித்துக் கொடுப்பார்கள், அதைத்தான் நீ வருஷம் முழுவதும் போட்டாய், ஒரு கை நீளமாகவும் ஒரு கை குட்டையாகவும் இருக்கும். உன் பின்னால் நின்று காலரைத் திருப்பிப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். நீ அதை வீட்டில் வந்து நடித்துக் காட்டிச் சிரித்தாய், அப்பாவும் சிரித்தார், எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இந்தப் பிள்ளை படித்து ஒரு இடத்துக்குப் போகும்போது இவள் கையில் கத்தரித்த சரக்கு எதுவும் இருக்கக் கூடாது என்று அன்றைக்கே மனதுக்குள் வைத்துக்கொண்டேன். உன்னிடம் சொன்னதில்லை.

அப்புறம் நீ லேப்டாப் வேண்டும் என்றாய். சிஸ்டம் எதுவும் போடாத மெஷினா வாங்கும்மா, அதுதான் மலிவு, நான் லினக்ஸ் போட்டுக்கறேன், அது இலவசம் என்றாய். இலவசம் என்றதும் எனக்கு மூஞ்சி சுருங்கிப்போனது. யார் தருகிறார்கள், எதற்குத் தருகிறார்கள் என்று கேட்டேன், உலகம் பூரா பல பேர் சேர்ந்து செஞ்சு எல்லாருக்கும் பொதுவா வச்சிருக்காங்கம்மா என்றாய். பொதுக்குழாய் மாதிரியா என்றேன். ஆமா, அதேதான் என்று சந்தோஷமாகச் சொன்னாய். நீ என்ன நினைத்துச் சொன்னாயோ, எனக்குப் பொதுக்குழாய் என்றால் குடத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்டதுதான் ஞாபகம் வரும். என் தொழிலில் சும்மா கொடுக்கிற சரக்கு ஒன்றுதான், ஓட்டை விழுந்தது. இவள் மறுபடியும் கட் லேபிளைக் கேட்கிறாளே என்றுதான் எனக்குத் தோன்றியது. உன்னிடம் இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருந்தால் நீ பொறுமையாகச் சொல்லியிருப்பாய். கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்கிற திமிர்தான், வேறென்ன.

திருமூர்த்தி கடைக்குப் போனேன். நம் கம்பெனி ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற பையன், பேச்சில் மரியாதைக்குக் குறைவிருக்காது. நீ சொன்ன மாதிரி மெஷினைத்தான் எடுத்துப் போட்டுக் காட்டினான். ஒரே கறுப்பு. மேலே மூலையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. பிள்ளையைத் துணியில்லாமல் வெளியூருக்கு அனுப்புகிற மாதிரி எனக்கு இருந்தது. இதுல ஒண்ணும் போட்டு வரலீங்கக்கா, வெறும் மெஷினுங்க, கம்பெனியே விண்டோஸ் போட்டுக் குடுக்கறது அதா அந்தப் பக்கம் இருக்குதுங்க, வெல சாஸ்திங்க என்றான். அந்தப் பக்கம் போய் விலையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தேன். இல்லீன்னா இதுலயே நானு போட்டுக் குடுத்தர்றனுங்க, பாப்பாவுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாதுங்க, இங்க எல்லாரும் அப்படித்தானுங்க என்றான். ரெண்டும் ஒரே சரக்குதானே தம்பி, பேர் ஒட்டினா ஒரு விலை, ஒட்டாட்டி ஒரு விலை, அவ்வளவுதானே என்று நான்தான் கேட்டேன். அக்காவுக்கு நானு சொல்லோணுங்களா என்று சிரித்தான், நானும் சிரித்தேன். பேர் எதுவும் அச்சடிக்காத ஒரு சி.டி.யை எடுத்துப் போட்டான், அதன் மேல் ஸ்கெட்ச் பேனாவால் கிறுக்கியிருந்தது. கொஞ்ச நேரத்தில் கறுப்பு போய்ப் பச்சைப் புல்லும் நீல வானமும் வந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் மெஷினில் எல்லாம் இருக்கிற அதே புல், அதே வானம். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

இதுவரைக்கும்கூடத் தெரியாமல் செய்தேன் என்று யாராவது சொல்லலாம். இனிமேல் எழுதப் போவதற்கு அப்படிச் சொல்ல வழியில்லை. கடைசியில் அவன் டிராயரைத் திறந்து பளபளவென்று ஒரு சின்ன ஸ்டிக்கரை எடுத்து, நீ டைப் அடிக்கும்போது கை வைக்கிற இடத்துக்கு ஓரமாக ஒட்டினான். விண்டோஸ் படம் போட்ட ஸ்டிக்கர், நீயும் பார்த்திருக்கிறாய். பழக்க தோஷம், என் கட்டைவிரல் தானாகப் போய் அதைத் தடவிப் பார்த்தது. சிவப்பு பச்சைக்குள் மயிரிழை அளவு கசிந்திருந்தது, ஓரம் கோணலாக வெட்டியிருந்தது, மேலே பூசின பளபளப்பு விரலில் ஒட்டியது. என் ரூமுக்குள் அப்படி ஒன்று வந்திருந்தால் அந்தக் கட்டு முழுவதையும் தனியே எடுத்து வைத்து, யார் கொண்டுவந்தது என்று கம்பெனியையே இரண்டு பண்ணியிருப்பேன். அந்தக் கடையில் நான் சொன்னது என்ன தெரியுமா, இன்னும் கொஞ்சம் நேரா ஒட்டுங்க தம்பி என்றேன். அவன் எடுத்துவிட்டு மறுபடியும் நேராக ஒட்டினான்.

தீபாவளிக்கு நீ வந்தபோது அதைத் தூக்கி உன் மடியில் வைத்தேன். திறந்ததும், அம்மா, விண்டோஸ் இருக்கே, காசு குடுத்தா வாங்கினே, நான்தான் வேணாம்னு சொன்னேனே என்றாய். எல்லாம் காசு குடுத்துத்தான் வாங்கினேன், ஒரிஜினல், அழிச்சிராத என்றேன். நீ ஒரு நிமிஷம் அந்த ஸ்டிக்கரைப் பார்த்தாய், அப்புறம் என்னைப் பார்த்தாய். அழிச்சுட்டு லினக்ஸ் போடலாம்னு இருந்தேன், நீ இவ்வளவு செலவு பண்ணினதை எப்படி அழிக்கிறது, இருக்கட்டும்மா என்றாய். எனக்குப் பார்சல் எதுவும் வந்துச்சா என்றும் கேட்டாய், ஒரு விளம்பரம்தான் வந்தது என்று சொல்லிவிட்டு அதிரசத்தைத் திருப்பிப் போடப் போய்விட்டேன். உன்னைப் பெற்றதிலிருந்து உன்னிடம் நான் சொன்ன பொய்கள் உண்டு, ஊசி வலிக்காது என்றிருக்கிறேன், எனக்குப் பசிக்கவில்லை என்றிருக்கிறேன். இது அந்த வகையைச் சேர்ந்ததல்ல. இது என் கௌரவத்துக்காகச் சொன்ன பொய்.

உனக்குச் சென்னிமலையைத் தெரியும். சிங்கர் மெஷின் டெய்லர், நீ கம்பெனிக்கு வந்தால் துண்டுத் துணியில் பொம்மைக்குச் சட்டை தைத்துக் கொடுப்பாரே, அவர்தான். போன வருஷம் அவர் சாப்பாட்டுத் தூக்கில் ஒரு கைப்பிடி லேபிள் இருந்தது என்று வேலையை விட்டு அனுப்பினார்கள். நீ விடுதியில் இருந்தாய், நான் உன்னிடம் சொல்லவில்லை. கணக்கில் குறைகிறது என்று சொன்னதும் நான்தான், தூக்கைத் திறக்கச் சொன்னதும் நான்தான். விற்க எடுக்கலீங்கக்கா, மகளுக்கு ரிஜெக்ட் பனியன் வாங்கி வெச்சிருக்கறனுங்க, கழுத்துல வெட்டின லேபிளப் பார்த்துப் புள்ளைங்க சிரிக்குதுங்களாம், புதுசா ஒண்ணு வெச்சுத் தெச்சுக் குடுக்கலாம்னுதானுங்க எடுத்தேன் என்றார். ரெண்டும் ஒரே துணிதானுங்களே, நானே தெச்சதுதானுங்களே என்று கெஞ்சினார். துணி ஒண்ணுதான், பேர் அடுத்தவனோடதாச்சே என்று எல்லோர் முன்னாலும் நான் சொன்னேன். நல்ல பதில் சொன்னோம் என்று அன்றைக்கு எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது. நான் எடுத்துச் சொன்னது தப்பென்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர் என்ன காரணத்துக்காக எடுத்தாரோ அதே காரணத்துக்காகத்தான் நானும் செய்தேன், அவர் கேட்ட அதே கேள்வியைத்தான் திருமூர்த்தி கடையில் நின்றுகொண்டு நானும் கேட்டேன். அவருக்குத் தூக்கைத் திறந்து பார்க்க ஒருத்தி இருந்தாள். எனக்கு நேராக ஒட்டிக் கொடுக்க ஒருவன் இருந்தான்.

திங்கட்கிழமை வேலை விட்டதும் நேராகத் திருமூர்த்தி கடைக்குத்தான் போனேன். எதற்குப் போனேன் என்று நினைக்கிறாய், சண்டை போடத்தான். போலிச் சரக்கைக் கொடுத்து என் பிள்ளையைத் தலைகுனிய வைத்துவிட்டாயே என்று வாசலிலேயே ஆரம்பித்துவிட்டேன், கடையில் வேறு ஆட்கள் இருந்தார்கள். அவன் கோபப்படவே இல்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்கக்கா என்றான். அப்புறம் மெதுவாக, லேபிள் ரூம்ல இருக்கறவீங்களுக்குத் தெரியாதுங்களாக்கா, நேரா ஒட்டச் சொன்னதே நீங்கதானுங்களே என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அந்த ஸ்டூலில் உட்காரவும் முடியாமல், நிற்கவும் முடியாமல், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அப்போதும் திட்டவில்லை, பிள்ளைகிட்ட நீயே சொல்லிரு முத்து, நான் சொன்னா நல்லாருக்காது என்றார். அவர் சீனிச்சாமி என்று பேர் வைத்திருந்தாலும் ஒருநாளாவது கசந்து பேசியிருந்தால் எனக்கு இன்றைக்கு வசதியாக இருந்திருக்கும்.

நேற்று முதலாளி மணியன் அய்யா ரூமுக்குப் போனேன். சாவியை எடுத்து அவர் மேஜை மேல் வைத்துவிட்டு, இப்படி இப்படிச் செய்துவிட்டேன், லேபிள் சாவி என் கையில் இருப்பது நியாயமில்லை என்றேன். அவர் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார் அனு. இதுக்கெல்லாமா சாவியக் கொண்டாந்து வெப்பாங்க அம்மிணி, நம்ம ஆபீசுல இருக்கற கம்ப்யூட்டர் பூரா அந்தத் திருமூர்த்தி போட்டதுதானுங்க, எடுத்து இடுப்புல சொருகுங்க மொதல்ல என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார், எனக்கு ஆறுதலாக இல்லை. சுவரில் பையர் கொடுத்த சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது, அதற்குக் கீழே அந்தக் கம்ப்யூட்டர் இருக்கிறது, நாள்தோறும் இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் போவேன். அப்படீன்னா சென்னிமலைய எதுக்குங்க அனுப்பினோம் என்று கேட்டுவிட்டேன். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. அவர் சிரிப்பு நின்றுபோனது. அது வேறைங்க அம்மிணி என்றார். என்ன வேறைங்க என்றேன். பேப்பரைப் புரட்டிக்கொண்டே இருந்துவிட்டு, ஆர்டரே இல்லாத நேரத்துல ஆளெடுக்க முடியாதுங்க, தை பொறக்கட்டும் பாக்கலாங்க என்றார். சாவியை எடுத்துக்கொண்டு வந்தேன். தை பிறந்ததும் மறுபடியும் போய் நிற்பேன். சாயந்திரம் வேன் நிறுத்தத்தில் சென்னிமலையைப் பார்த்தேன், இப்போது ஒரு சின்ன யூனிட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கிறார். அவரிடமும் சொன்னேன். என்னைத் திட்டட்டும் என்றுதான் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, பாப்பாவுக்கு அங்க ஒண்ணும் ஆயிறாதுங்களேக்கா என்று மட்டும் கேட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, வேனுக்கு நின்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. ஆடி மாதம் உன் பேருக்கு வெளிநாட்டு ஸ்டாம்ப் ஒட்டி ஒரு கவர் வந்தது, அதைத்தான் நான் விளம்பரம் என்று சொன்னேன். உள்ளே காகித உறையில் இரண்டு சி.டி. இருந்தது. காசு வாங்காமல் கடல் தாண்டி ஒருவன் அனுப்புகிறான் என்றால் வேறு என்னவாக இருக்கும் என்று ஒன்றை எடுத்து மொட்டை மாடியில் வடகம் காயப் போட்ட இடத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். நன்றாகத்தான் சுற்றியது, காக்கை கிட்டவே வரவில்லை. இன்று காலையில் நதியா துணி எடுக்கப் போனவள் அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். பெரீம்மா, இது உபுண்டு சி.டி. ஆச்சே, இதுதானே லினக்ஸ், அனு அக்கா எழுதிப்போட்டு வரவழைச்சிருக்கு, நீங்க காக்கா ஓட்டியிருக்கீங்களே என்றாள். இன்னொன்று டி.வி.க்குப் பின்னால் உறை பிரிக்காமல் இருந்தது. அதன் மேல் எழுதியிருந்ததை அவளைப் படித்துத் தமிழில் சொல்லச் சொன்னேன். இதை நீங்கள் எத்தனை மெஷினில் வேண்டுமானாலும் போடலாம், நகல் எடுத்து யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம், அது உங்கள் உரிமை என்று போட்டிருக்கிறதாம். மறுபடியும் படிக்கச் சொன்னேன், அதேதான் சொன்னாள். மிச்ச லேபிளைக் கொளுத்திக் கொளுத்தியே இத்தனை வருஷம் சம்பளம் வாங்கினவள் நான், எடுத்துக்கொள், அடுத்தவனுக்கும் கொடு என்று யாராவது பேர் போட்டு அனுப்புவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும். நீ சொன்னபோது தெரிந்துகொண்டிருக்கலாம். நீ கேட்டதுதான் ஒரிஜினல், நான் பார்த்துப் பார்த்து வாங்கித் தந்ததுதான் போலி. உன்னை ஊர் சிரிக்கக் கூடாது என்று நினைத்து நானே சிரிக்க வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள் கண்ணு.

பிரிக்காத சி.டி.யை இதோடு வைத்துக் கூரியரில் அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும் என்கிறார்கள். உடையாமல் இருக்கப் பனியன் துணியில் சுற்றியிருக்கிறேன். சனி ஞாயிறில் அதைப் போட்டுவிடு, புல்லையும் வானத்தையும் பார்த்துப் பாவப்படாமல் அழித்துவிடு. உன் ப்ராஜக்ட் இதிலும் ஓடும் என்று நீதான் முன்னே சொன்னாய், அப்போது நான் காதில் வாங்கவில்லை. உன் வேலையெல்லாம் பத்திரமாக வேறெங்காவது எடுத்து வைத்துக்கொண்டு செய், நதியா அப்படிச் செய்யச் சொன்னாள். நேரத்துக்குச் சாப்பிடு, அங்கே குளிர் என்று அப்பா சொன்னார், தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு போகாதே. திங்கட்கிழமை உங்கள் மேனேஜருக்கு எழுதிக் கொடுக்கும்போது, நான் போடவில்லை, என் அம்மா போட வைத்தார் என்று எழுது. அம்மாவைக் காட்டிக் கொடுக்கிறோமே என்று நினைக்காதே, என் பிள்ளை என் தப்பைத் தன் பேரில் போட்டுக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தால்தான் எனக்கு உயிர் போகிறது. அவருக்குச் சந்தேகம் இருந்தால் கம்பெனி நம்பருக்குப் போன் போட்டு லேபிள் ரூம் என்று கேட்கச் சொல், இந்தி பேசுகிற பையன்கள் செக்கிங்கில் இருக்கிறார்கள், பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே பதில் சொல்கிறேன். எழுதும்போது தெரியாமல் என்று ஒரு வார்த்தையை நடுவில் சேர்த்துவிடாதே. நீ சேர்ப்பாய், உன்னை எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தார் என்றே எழுது.

நீ எந்த ஊரில் எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் தலை நிமிர்ந்து உட்கார வேண்டும், அந்தக் காளி உனக்குத் துணை இருப்பாள், என் ஆயுசும் சேர்த்து நீ நன்றாக இரு.

மறந்துவிடாதே, மெஷினில் இருக்கிற அந்த ஸ்டிக்கரையும் உரித்துவிடு. நேராக ஒட்டியிருப்பதால் நகத்துக்கு ஓரம் அகப்படாது. தேங்காயெண்ணெய் தடவி ஊற வைத்து எடு, தடம் தெரியாமல் வந்துவிடும்.

உன்னிடம் பொய் சொன்ன,
உன் அம்மா,
சீ. முத்துப்பேச்சி
லேபிள் ரூம்